பாவும் பாவாணரும்

போன வாரம் அண்ணா சாலையில் எல்.எல்.ஏ. பில்டிங் வாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞர். கழுத்தில் ஐ.டி. கார்டு, முதுகில் லேப்டாப் பை, காதில் ஏதோ பஞ்சு மாதிரி. அவர் வர வேண்டிய நண்பருக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். "மச்சி, நேரா வாடா. ஒரு லைப்ரரி இருக்கும். தேவநேய... தேவநேயப் பாவாணர்னு போர்டு."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நரைத்த தலையைப் பார்த்தால் எல்லோருக்கும் கேள்வி கேட்கத் தோன்றும் போலிருக்கிறது.

"சார், இந்தப் பாவாணர் யாரு? பழைய மினிஸ்டரா?"

"வாத்தியார்" என்றேன்.

"எந்த ஸ்கூல்ல?"

சத்தியமாக நல்ல கேள்வி. இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. முறம்பு, ஆம்பூர், சென்னை, மன்னார்குடி, திருச்சி, சேலம் என்று விரல் விட ஆரம்பித்தேன். மன்னார்குடி வருவதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. ஆக, மிச்சத்துக்கு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

ஆனால் பாவாணரை நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய நாளில் பார்க்காமல் போனவன். அவரை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேறொரு வாத்தியார். அருப்புக்கோட்டையில் எங்கள் தமிழ் சார். அவர் பெயரில் நூலகம் கிடையாது, போர்டும் கிடையாது. இருந்திருந்தால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் அவரேதான் பார்த்திருப்பார்.

* * *

அருப்புக்கோட்டைப் பக்கம் நீங்கள் வந்ததில்லை என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். கரிசல் மண். மழை பெய்தால் ஒட்டிக்கொள்ளும், பெய்யாவிட்டால் வெடித்துக்கொள்ளும். பருத்தி, மிளகாய், மல்லி, சீமைக்கருவேல மரம். ஊருக்குள் மல்லிகைப்பூ வாசமும் தறிச் சத்தமும். கிழக்கே போனால் திருச்சுழி, குண்டாறு. (ஆறு என்று சொல்கிறோம். மணல் இருக்கிறது. தண்ணீர் வரும்போது ஊரே போய் வேடிக்கை பார்க்கும்.) பக்கத்திலேயே மண்டபசாலை. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் பாதிரிமார்கள் பிற்பாடு கிளை பரப்பிய இடங்களில் மண்டபசாலையும் ஒன்று. அந்த வெயிலில் கோட்டும் தொப்பியுமாக எப்படித்தான் இருந்தார்களோ! கோயில் கட்டினார்கள், கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். சாரின் தாத்தா அந்தக் காலத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றவர். சார் பசுமலையில் வாத்தியார் ட்ரெயினிங் முடித்து, புலவர் பரீட்சையும் எழுதி, எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் சாராக வந்தார்.

ஆள் ஒல்லி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. மழைக்கு அல்ல, வெயிலுக்கு. சைக்கிள் இருந்தது. ஆனால் அதைப் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போவார். ஏறி மிதித்தால் வழியில் யாரிடமும் பேச முடியாதாம்.

பகலில் பள்ளிக்கூடம். மற்ற நேரமெல்லாம் சி.எஸ்.ஐ. கோயில். சம்பளமில்லாத வேலை. மணி அடிப்பவர் காய்ச்சலில் படுத்தால் மணி அடிப்பார். ஆர்மோனியம் வாசிப்பார். ஞாயிற்றுப் பள்ளி நடத்துவார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ராத்திரி வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகிற கோஷ்டிக்கு பெட்ரோமாக்ஸ் பிடிப்பார். கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்ற கணக்கு அவர் தலைக்குள் இருந்தது. எந்த மதத்துக்காரர் வீட்டில் சாவு என்றாலும் அந்தக் கறுப்புக் குடை வாசலில் முதலில் தெரியும்.

எனக்குக் கோயிலோடு உண்டான சம்பந்தம் ட்யூப் லைட் சம்பந்தம். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. அப்பா நெசவு. ஒரே ஓர் அரிக்கேன் விளக்கு, அதுவும் தறிக்கு. ராத்திரி ஏழு மணிக்கு மேல் கோயில் வராந்தாவில் சார் இலவசமாகப் பாடம் நடத்துவார். பத்துப் பதினைந்து பேர் இருப்போம். அதில் கிறிஸ்தவப் பையன்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். கமிட்டியில் யாரோ கரண்ட் பில் ஏறுவதாகக் கேட்டிருக்கிறார்கள். "ஏறுனா ஏறட்டும்யா. இந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துல எடுத்துருவோம்" என்றாராம் சார்.

எடுத்தும் காட்டினார். அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம். சபை ஜனங்கள் விளைந்தது, வளர்த்தது எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். கம்பு, பூசணி, வாழைத்தார், முட்டை, சேவல். அதை ஏலம் விட்டு வருகிற பணம் கோயிலுக்கு. ஏலம் விடுபவர் எங்கள் சார். "இந்தக் கோழி சாதாரணக் கோழி இல்லை. வைகறையில் எழும் கோழி. நம்ம மாணவர்களைவிட மேல். ஐந்து ரூபாய், ஒரு தரம்!" ஒருவர் ஏலம் எடுப்பார், எடுத்த கோழியைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்துவிடுவார். மறுபடி ஏலம். ஒரே கோழியைச் சார் எட்டுத் தடவை விற்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசியில் அந்தக் கோழியே நமக்கு இவ்வளவு மதிப்பா என்று மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தது. அந்த வருஷம் வராந்தாவில் இரண்டாவது ட்யூப் லைட் எரிந்தது.

* * *

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் சார் கேட்டார்: "நம்ம ஊருக்கு ஏன்யா இந்தப் பேரு?"

நான் பரீட்சைப் பேப்பரில் 'அறுப்புக்கோட்டை' என்று எழுதியிருந்தேன். வல்லின றகரம். "நீ எழுதுனபடி பாத்தா ப்ளேடு போடுறவன் ஊர்னு அர்த்தம் வரும்" என்றார். வகுப்பு சிரித்தது. ஒருத்தன் எழுந்து, மல்லிகை அரும்பு நிறைய விளைவதால் அரும்புக்கோட்டை, அதுதான் அருப்புக்கோட்டை ஆகிவிட்டது என்றான். ஊரில் எல்லோரும் சொல்வது அதுதான். சார் தலையாட்டினார். "இருக்கலாம். ஆனா பழந்தமிழ்ல அருப்பம்னா என்ன தெரியுமா? அரண். எளிதில் உள்ளே நுழைய முடியாத இடம். அப்படிப் பாத்தா நம்ம ஊர் கோட்டைக்கோட்டை. பூவா, கோட்டையா? எது சரின்னு சாட்சி தேடணும். சும்மா மனசுக்குப் பிடிச்சதைச் சொல்லக்கூடாது."

அன்றைக்குத்தான் பாவாணர் பெயரை முதலில் சொன்னார். சொற்களுக்கு வேர் தேடியே வாழ்க்கையைச் செலவழித்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார், நம்ம பக்கத்து மனுஷர் என்று.

நான் எழுந்து நின்று கேட்டேன்: "சார், பாவாணர்னா பாவு ஓட்டுறவரா?"

வகுப்பு மறுபடி சிரித்தது. இந்தத் தடவை வேறு மாதிரிச் சிரிப்பு. நெசவுக்காரப் பயலுக்கு வேறென்ன தெரியும் என்கிற சிரிப்பு. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். குறுக்கே போவது ஊடை. எனக்குக் காது சுட்டது. உட்காரப் போனேன்.

"உக்காராதே" என்றார் சார். கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். "சிரிச்சவன்லாம் எந்திரி. இவன் கேட்டது எனக்கு இத்தனை வருஷமாத் தோணலை. பா-ன்னா செய்யுள். பாவாணர், பாவால வாழ்றவர், புலவர். சரி. ஆனா தறியில ஓடுறதும் பாதான். நூல்னா இவங்க அப்பா நெய்யறதும் நூல், நீ கையில வெச்சிருக்கிறதும் நூல். நன்னூல்ல பவணந்தியார் நூலுக்கு விளக்கம் சொல்ல எங்கே போறார்? பஞ்சுக்கும் இழைக்கும் போறார். தறி இல்லேன்னா இலக்கணத்துக்கே உவமை இல்லேடா!"

அப்புறம் கரும்பலகையில் பா, பாவு, பாவுதல், பரவுதல் என்று எழுதிக்கொண்டே போனார். மணி அடித்தும் நிறுத்தவில்லை. எனக்கு அந்த இலக்கணமெல்லாம் இப்போது மறந்துவிட்டது. எழுந்து நின்றவர்களின் முகம் மட்டும் ஒவ்வொன்றாக ஞாபகம் இருக்கிறது.

* * *

பாவாணரைப் பற்றிச் சார் துண்டு துண்டாகச் சொன்னதையும், பிற்பாடு நானே படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1902 பிப்ரவரி 7-ல் சங்கரன்கோவிலில் பிறந்தார். அப்பா ஞானமுத்து, அம்மா பரிபூரணம். வீட்டில் வைத்த பெயர் தேவநேசன். நேசன் வடமொழி வாசம் அடிக்கிறது என்று பிற்பாடு தேவநேயன் ஆக்கிக்கொண்டார். (இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பாஸ்கரன்கள் கதிரவன் ஆனார்கள். ஹெட்மாஸ்டர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வகுப்பில் யாருமே இல்லை.) ஐந்து வயதிலேயே தாயும் தகப்பனும் இல்லை. அக்கா வீட்டில் ஆம்பூரில் வளர்ந்தார், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார். பாளையங்கோட்டையில் உயர்நிலைப் பள்ளி படிக்கப் பண உதவி செய்தவர் யங் துரை என்கிற பாதிரியார். அந்த யங் துரை ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் முறம்பில் ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தார். படிப்பு முடிந்ததும் பாவாணர் முதன்முதலாக வாத்தியாராக நின்றது அங்கேதான், 1919-ல். பதினேழு வயது! எதிரே உட்கார்ந்திருந்த பையன்களில் சிலருக்கு மீசை அவரைவிடப் பெரிதாக இருந்திருக்கும். (இது என் கற்பனை. மற்றதெல்லாம் நிஜம்.)

அப்புறம் ஊர் ஊராக வாத்தியார் வேலை. மன்னார்குடியில் இருக்கும்போது சங்கீதம் கற்றுக்கொண்டார். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதினார். திருச்சி பிஷப் ஹீபர் பள்ளியில் இருந்த காலத்தில், 1940-ல், 'ஒப்பியன் மொழிநூல்'. 1944 முதல் 1956 வரை சேலம் கல்லூரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 1956-ல் போய் 1961-ல் வெளியே வந்தார். எழுபத்திரண்டு வயதில், நாமெல்லாம் பென்ஷன் வாங்கிக்கொண்டு பி.பி. மாத்திரையை எண்ணிக்கொண்டிருக்கிற வயதில், 1974-ல், செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநர் ஆனார். தமிழ்தான் உலக முதல் மொழி, மனிதன் தோன்றியதே குமரிக்கண்டத்தில் என்றெல்லாம் அவர் கொண்ட முடிவுகளை மொழியியல்காரர்கள் ஏற்பதில்லை. நானும் அதில் கொஞ்சம் தள்ளியே நிற்கிறேன். ஆனால் ஒரு சொல்லைக் கையில் எடுத்தால் அவர் காட்டுகிற பிடிவாதம் இருக்கிறதே, அது பள்ளிக்கூட வாத்தியாருடைய பிடிவாதம். பையன் தப்பாக எழுதினால் ராத்திரி தூக்கம் வராதே, அந்த ஜாதி.

* * *

பத்தாவது படிக்கும்போது அப்பா என்னைத் தறியில் உட்காரச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நூல் விலை ஏறியிருந்தது, தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை. நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஐந்தாம் நாள் குடை வந்தது.

"வாங்க வாத்தியாரய்யா" என்று அப்பா குழித்தறியிலிருந்து எழப் பார்த்தார்.

"நீங்க இருங்கண்ணே. வேலை கெட்டுரும். நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றார் சார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் ஒரு தடவை ஒக்காந்து பாக்கலாமா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார். நாடாவை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் இழை இழையாக அறுந்தது. அப்பா பதறிப்போய், "விடுங்கய்யா, விடுங்க" என்றார். சார் மேலே ஏறி வந்து தரையில் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா அண்ணே, எனக்கு இந்த வேலை வராது. ஒங்களுக்கு வருது. ஒங்க மகனுக்கும் வரும், எப்ப வேணும்னாலும் கத்துக்குவான். ஆனா இப்ப விட்டா அந்த வேலை அவனுக்கு வராது."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே இருந்தார். பிறகு, "பரீட்சைக்குப் பணம் கட்டணும்ங்கிறான்" என்றார்.

"அது என் பொறுப்பு. தர்மம் இல்லை, கடன். தர்மம்னா மறந்துருவான். கடன்னா நெஞ்சுல நிக்கும்."

நிஜமாகவே கடன்தான். ஒரு நாற்பது பக்க நோட்டில் என் பெயர் போட்டு எழுதிக்கொண்டார். பரீட்சைப் பணமும் அதற்கப்புறம் டைப்ரைட்டிங் ஃபீஸும் சேர்த்து மொத்தம் 37 ரூபாய் 50 பைசா. பக்கத்து வீடுகளில் தார் சுற்றிக் கொடுத்து, முடிந்த வாரமெல்லாம் ஐம்பது பைசா கட்டினேன். கட்டாத வாரம் ரோட்டில் குடையைக் கண்டால் சந்துக்குள் நுழைந்துவிடுவேன். "என்னப்பு, சந்துக்குள்ள நமக்கு யாரும் சொந்தமா?" என்று சந்து முனையில் சைக்கிளோடு நிற்பார்.

படிப்பில் மனசு போகாத நாட்களில் நான் திருச்சுழி உதாரணத்தை எடுத்துவிடுவேன். திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், மதுரை அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில் படிக்கிற காலத்தில், இங்கிலீஷ் இலக்கணத்தை மூன்று தரம் இம்போசிஷன் எழுதச் சொன்னதை பாதியில் தூக்கிப் போட்டுவிட்டு, அண்ணன் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு ரயிலேறினார். 1896 ஆகஸ்ட் 29. திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஆனார். "அவரும் இம்போசிஷன் எழுதலையே சார்?"

"சரிதான். மீதி ரெண்டு ரூபாயை அண்ணனுக்கு வெச்சிட்டுப் போனார், பாத்தியா? ஒன்கிட்ட அஞ்சு ரூபா இருந்தா அஞ்சும் சினிமா டிக்கெட். அவரைக் கூப்பிட்டது அருணாசலம். ஒன்னைக் கூப்பிடுறது மாட்னி ஷோ. எழுது."

* * *

இனி நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

1981 ஜனவரி. மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு. அந்தத் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இப்போதும் சொல்வார்கள், ஊரே பந்தலாக இருந்தது என்று. சார் எங்கோ சொல்லி இரண்டு பாஸ் வாங்கிவிட்டார். ஜனவரி 5-ம் தேதி பாவாணர் பேசுகிறார். தலைப்பு 'மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும்'. "இத்தனை வருஷம் நான் சொல்லிக் கேட்டே. அவர் வாயால கேளு" என்று பஸ்ஸில் டிக்கெட்டும் எடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பதினெட்டு வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், வேலை இல்லை.

கூட்டம் ஆரம்பிக்கும் நேரம். எனக்குப் பின்னாலிருந்த ஒருவர், எம்.ஜி.ஆர். கார் இந்தப் பக்கமாக வருகிறது என்றார். எங்கள் ஊர் 1977-ல் எம்.ஜி.ஆரை எம்.எல்.ஏ. ஆக்கி, முதலமைச்சராகக் கோட்டைக்கு அனுப்பிய ஊர். 1980-ல் அவர் மதுரை மேற்குக்கு மாறிவிட்டார் என்பதெல்லாம் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. "சார், தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்றேன்.

ரோட்டோரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றேன். இப்ப வரும், அந்தா வரும் என்று போய்க்கொண்டே இருந்தது நேரம். கடைசியில் நாலைந்து கார்கள் பறந்தன. ஒரு கார் ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. சிவந்த கை. அவருடைய கைதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

திரும்பி வந்தபோது ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பாவாணர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசி முடித்துவிட்டார். சார் ஒரு தூணோரம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் எனக்காகத் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்த நாற்காலியைக் கடைசி வரைக்கும் யாருக்கும் கொடுக்கவில்லையாம். அவர் அதைச் சொல்லவில்லை. கூட வந்த இன்னொரு வாத்தியார் சொன்னார்.

பஸ்ஸில் காரியாபட்டி வரைக்கும் அவர் பேசியதை எல்லாம் சார் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். திட்டவேயில்லை. நான் தூங்கிவிட்டேன்.

அன்று ராத்திரியே பாவாணருக்கு நெஞ்சுவலி. மதுரையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாள். ஜனவரி 15 நள்ளிரவு தாண்டி உயிர் போய்விட்டது. காணும் பொங்கல் அன்று ரேடியோவில் கேட்டுவிட்டு சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "கை மட்டும்தானேப்பு பாத்தே?"

* * *

பரீட்சை எழுதி, 1984-ல் சென்னையில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் குமாஸ்தா ஆனேன். முதல் சம்பளம் வாங்கியதும் சாருக்குக் கடிதம் போட்டேன். பதில் கார்டு வந்தது. வாழ்த்து ஒரு வரி. மீதி கார்டு முழுக்கச் 'சம்பளம்' என்ற சொல்லுக்கு பாவாணர் தந்த விளக்கம்! சம்பு என்றால் நெல், அளம் என்றால் உப்பு. கூலியாக நெல்லும் உப்பும் அளந்த காலத்துச் சொல். இங்கிலீஷ் சாலரிக்கும் லத்தீனில் உப்புதான் வேர். ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தார்: 'பள்ளி ஆசிரியனுக்குப் பழைய பெயர் கணக்காயர். நீயும் கணக்கு ஆபீஸில் இருக்கிறாய். நாம் இருவரும் ஒரே உத்தியோகம். பாக்கி 7.50.'

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கொடுத்துவிடலாம் என்று நினைப்பேன். 7.50 கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும். நூறாகக் கொடுத்தால் வாங்கமாட்டார். இப்படியே வருஷங்கள். நடுவில் கல்யாணம், குழந்தை, ஹவுஸிங் லோன். அவரும் ரிட்டையர் ஆனார். கோயில் வேலையிலிருந்து மட்டும் ரிட்டையர் ஆகவில்லை.

2006-ல் பாவாணருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். மகளைப் பார்க்கச் சென்னை வந்திருந்த சார் ஆபீஸுக்குப் போன் செய்தார். "அந்தத் தபால்தலை ரெண்டு வாங்கணும். அப்புறம் பாவாணர் பேர்ல லைப்ரரி இருக்காமே, உங்க ஆபீஸ்லேர்ந்து நடக்குற தூரம்தானாமே. ஒரு நடை பாத்துட்டு வருவோமா?"

மார்ச் மாதம். இயர் எண்டிங். மேஜை மேல் ஃபைல், ஃபைல் மேல் ஃபைல். ஆபீஸ்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "சார், ஏப்ரல் முதல் வாரம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"செய்யப்பு. கணக்கை முடி" என்றார். ஏப்ரல் முதல் வாரம் நான் போன் செய்தபோது ஊருக்குப் போய்விட்டிருந்தார். லைப்ரரிக்குத் தனியாக பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். கண்டக்டரிடம் 'எல்.எல்.ஏ. பில்டிங்' என்று கேட்கமாட்டேன், பாவாணர் நூலகம் என்றுதான் கேட்பேன் என்று பிடிவாதம் பிடித்து, இரண்டு ஸ்டாப் தள்ளி இறக்கிவிடப்பட்டு, வெயிலில் நடந்திருக்கிறார். மகள் சொன்னார்.

மறு வருஷம் சார் போய்விட்டார். எனக்குத் தகவல் வந்தது அடக்கம் முடிந்த மறுநாள். ஊரில் எல்லோரும் எனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் தேடவே அரைமணி நேரம் ஆயிற்று. இடம் சொல்லக்கூடிய ஆள்தான் உள்ளே படுத்திருக்கிறாரே. சாரின் மகள் காபி கொடுத்துவிட்டு அந்த நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒரு பெயர். பெரும்பாலான பக்கங்களில் குறுக்கே கோடு அடித்து 'தீர்ந்தது' என்று எழுதியிருந்தது. நான் பல பேரைக் கண்டுபிடித்தேன். அன்றைக்குச் சிரித்துவிட்டு எழுந்து நின்றவர்களில் மூன்று பேருக்கும் அதில் பக்கம் இருந்தது. என் பக்கத்தில் கோடு இல்லை.

மகளிடம் 7.50-ஐ நீட்ட எனக்குக் கை வரவில்லை. சில்லறையும் இல்லை.

சாயங்காலம் ஏலம். ஒரு சின்ன வயசு வாத்தியார் ஏலம் விட்டார். குரல் நன்றாக இருந்தது, ஆனால் கோழிகளுக்கு அறிமுக உரை இல்லை. ஒரு பூசணிக்காய் வந்தது. எண்பது, நூறு என்று ஏறி, யாரோ வெளிநாட்டிலிருந்து வந்தவர் புண்ணியத்தில் 700-ல் போய் நின்றது.

"எழுநூத்தம்பது" என்றேன். தசமப் புள்ளியை இப்படி நகர்த்தி இருபது வருஷச் சர்வீஸில் நான் கணக்கு எழுதியதில்லை.

வழக்கப்படி அதைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் விருதுநகர் தாண்டும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"என்ன வெலைக்கு வாங்குனீங்க?"

சொன்னேன்.

"நல்லா ஏமாத்திட்டாங்க சார்" என்றார்.